தலையணைக்குள் இருந்த வெள்ளைத் துணி

நீ வாயைத் திறக்கவில்லை. உன் வீட்டு முன்னறையில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது, உன் மனைவிக்குச் சூனியம் வைத்தவள் நான்தான் என்று சொன்னார்கள். அது பொய் என்று அந்த அறையில் என்னைத் தவிர ஒரு ஆளுக்குத் தெரியும். அது நீ. கையில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாய்.

உன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என் பெயரும் கிடையாது. தென்காசியில் எங்கள் தெருவில் இருக்கிறவர்களுக்குப் பெயர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்குப் பெயரை வைத்து என்ன ஆகப்போகிறது? நடந்ததை எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவள், அழகாக எழுத வராது. வரவும் வேண்டாம்.

நான் மய்யித்துக் குளிப்பாட்டுகிறவள். எங்கள் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெண் மவுத்தாகிவிட்டால், அவளைக் குளிப்பாட்டி, கஃபன் துணி போர்த்தி, தொழுகைக்குக் கொண்டுபோகிற மாதிரி ஆக்கிக் கொடுக்க ஒரு பெண் வேண்டும். எல்லாப் பெண்களும் வர மாட்டார்கள். பெற்ற மகளே கதவுக்கு வெளியே நின்று அழுவாள், உள்ளே வா என்றால் தலையை ஆட்டுவாள். இருபத்திரண்டு வருடமாக நான் போகிறேன். கூலி கிடையாது, கேட்டதும் கிடையாது. புருஷன் போய்விட்டார், பிள்ளை இல்லை. மற்ற வீடுகளுக்குள் நான் போக எனக்கு இருந்த வழி அது ஒன்றுதான். கல்யாண வீட்டுக்காரர்கள் என்னைக் கூப்பிட மறந்துவிடுவார்கள். மவுத்து வீட்டுக்காரர்கள் மறக்க மாட்டார்கள்.

என் பை எப்போதும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். சோப்பு, பஞ்சு, கற்பூரம், பன்னீர், கையுறை, கத்தரி. ஒரு டப்பாவில் காய்ந்த இலந்தை இலை. இலந்தை இலையை நசுக்கித் தண்ணீரில் போட்டுத்தான் மய்யித்தைக் குளிப்பாட்ட வேண்டும், அது சுன்னத்து, நபி காட்டிய வழி. ஆயிரப்பேரி போகிற ரோட்டில் ஒரு மரம் இருக்கிறது. நானே போய்ப் பறித்து நிழலில் காயவைப்பேன்.

பிழைப்பு வேறு. குற்றாலத்தில் ஐந்தருவி போகிற வழியில் ஒரு பெட்டிக்கடை. சீசனில் எண்ணெய்ப் பாக்கெட், சீயக்காய், துண்டு. சீசன் இல்லாத மாதங்களில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும்.

உன் உம்மாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். நானும் அவளும் ஒரே வருடத்தில் இந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள். அஸர் தொழுகை முடிந்ததும் அவள் என் வீட்டுக்கு வருவாள், அல்லது நான் போவேன். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். அவள் முருங்கைக்கீரை ஆய்வாள், நான் பேன் பார்ப்பது மாதிரி அதில் பழுத்த இலையைப் பொறுக்குவேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த ஊரில் என்னை “ஏட்டி” என்று கூப்பிட மிச்சம் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

ரஜப் மாதத்தில் ஒரு காலை, சுப்ஹுத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் நீ போன் பண்ணினாய்.

“மாமி, உம்மா எந்திரிக்க மாட்டேங்காக.”

வந்து பார்த்தேன். தொழுத விரிப்பிலேயே சாய்ந்திருந்தாள். வெள்ளைத் துப்பட்டி உடம்பில் இருந்தது. வாய் திறந்திருந்தது. உடம்பு விறைப்பதற்குள் தாடையைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் வாய் அப்படியே நின்றுவிடும். நீ கஃபன் துணி வாங்கவே இன்னும் கிளம்பவில்லை. என் பையில் பஞ்சு இருந்தது, துணி இல்லை. அதனால் அவள் போட்டிருந்த துப்பட்டியின் ஓரத்தைக் கத்தரியால் வெட்டிக் கிழித்தேன். நீளம் போதவில்லை. இன்னொரு துண்டு கிழித்து, இரண்டையும் முடிந்து நீளமாக்கினேன். தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் இன்னொரு முடிச்சுப் போட்டேன். மொத்தம் இரண்டு முடிச்சு. நான் போடுகிற முடிச்சை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சுற்றித்தான் இழுப்பேன். அது என் பழக்கம்.

குளிப்பாட்டும்போது அழக்கூடாது என்று மற்ற பெண்களுக்குச் சொல்கிறவள் நான். அன்றைக்கு அழுதேன். அவள் இடது தோளில் ஒரு தழும்பு உண்டு, கொதிக்கிற கஞ்சி கொட்டினது. அந்த நாள் நான்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அந்தத் தழும்பில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினேன். தாடை நின்றுவிட்டது என்று பார்த்து அந்தக் கட்டை எடுத்தேன். ஈரத்தில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவிழ்க்காமல் அப்படியே தலைவழியே உருவி, குளிப்பறை ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

அதை நான் எடுத்திருக்க வேண்டும். மிச்சமான பஞ்சு, சோப்பு, கையுறை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி மையவாடியில் புதைக்கக் கொடுப்போம். அதோடு இதையும் கொடுத்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு பொருளை நான் விட்டுவிட்டு வந்ததில்லை. அது என் தப்பு. என் தப்பு அவ்வளவுதான்.

பிறகு நோன்பு வந்தது, பெருநாள் வந்தது. உன் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் போனது எனக்கும் தெரியும். தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்குது, கழுத்தை யாரோ பிடிக்கிற மாதிரி இருக்கு என்று சொன்னாள். மூன்று மாதக் கரு கலைந்தது. பாவம் அந்தப் பிள்ளை. அவள் மேல் எனக்கு இப்போதும் கோபம் கிடையாது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துத் தைராய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள். உன் மாமியார் மாத்திரையோடு நிற்கிற ஆள் இல்லை. புளியங்குடியிலிருந்து ஒரு சாக்கு எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கினாள், கூடவே ஓதிப் பார்க்கிற ஒரு ஹஜ்ரத்தின் போன் நம்பரையும் கொண்டுவந்தாள்.

அவர் வெளியூர்க்காரர். முதலில் வீடியோ காலில் ஓதினார். இது சிஹ்ர், சூனியம், வீட்டுக்குள்ளேயே பொருள் இருக்கு, தேடுங்கள் என்றார். ஏழு இலந்தை இலையை அரைத்துத் தண்ணீரில் கலந்து ஓதிக் குளிக்கச் சொன்னார். சூனியத்தைக் கழிக்கவும் அதே இலைதான். உன் மாமியார் யாரிடம் கேட்டாள் தெரியுமா?

“மாமி, உங்கள்ட்ட இலந்தை இலை இருக்குமாமே, கொஞ்சம் தாங்களேன்.”

டப்பாவைத் திறந்து ஒரு கை அள்ளிக் கொடுத்தேன். “ஏழு போதும், ஆனா நல்ல இலையாப் பாத்து எடுத்துக்கோ” என்றேன். நான் வைத்த சூனியத்துக்கு நானே மருந்து கொடுத்திருக்கிறேன். அதை யாராவது யோசித்தீர்களா?

அவர்கள் வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினார்கள். உன் மனைவியின் தலையணை உறைக்குள் அந்தத் துணி கிடைத்தது.

அடுத்த நாள் லுஹர் தொழுகை முடிந்து உன் மாமியார் எனக்குப் போன் பண்ணினாள். “கொஞ்சம் வீட்டுக்கு வாங்க” என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டு, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். கை கால் முகம் கழுவி ஒளுச் செய்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிவந்தேன். உள்ளே வந்தால் எல்லாரும் உயிரோடு இருக்கிறீர்கள். ஹஜ்ரத்து நேரில் வந்து நாற்காலியில் இருக்கிறார். எதிரில் ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டில் அந்தத் துணி.

“இதப் பாருங்க. இந்த முடிச்சு யாரோடதுன்னு தெரியுமா?” என்றார்.

குனிந்து பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்த முடிச்சு.

“ஆமா. எம்முடிச்சுதான்” என்றேன்.

இதுதான் என் பெயரைக் கெடுத்த வார்த்தை. வேறு யாராக இருந்தாலும் தெரியாது என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்படி வராது. உன் மாமியார் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்தான்.

“கேட்டீங்களா ஹஜ்ரத்து, அவ வாயாலயே சொல்லுதா!”

“ஏ, நில்லு. அது இவன் உம்மாவுக்குத் தாடைக்குக் கட்டுனது. துப்பட்டி ஓரத்தக் கிழிச்சுக் கட்டுனேன். ஜன்னல்ல வச்சு மறந்துட்டேன்.”

“ஜன்னல்ல வச்சது நடந்து போயி எம்மக தலகாணிக்குள்ள ஏறிப் படுத்துக்கிட்டாக்கும்?”

அந்தக் கேள்விக்குப் பதில் உன்னிடம் இருந்தது. உன் டம்ளரில் டீ ஆடை படிந்திருந்தது.

ஹஜ்ரத்து விளக்கினார். முடிச்சு ஒன்று தூக்கத்தைக் கட்டியதாம், இன்னொன்று கருவைக் கட்டியதாம். மய்யித்தைத் தொட்ட துணி, அதனால் வீரியம் அதிகமாம். முடிச்சுகளில் ஊதுகிற பெண்களின் தீங்கை விட்டுப் பாதுகாவல் தேடச் சொல்லிக் குர்ஆனிலேயே இருக்கிறது என்றார்.

இருக்கிறது. எனக்குத் தெரியாதா? தினமும் அந்த சூராவை ஓதி உள்ளங்கையில் ஊதி உடம்பில் தடவிக்கொண்டு தூங்குகிறவள் நான். சிஹ்ர் இல்லவே இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அல்லாஹ் நாடாமல் அதனால் ஒருவரையும் தொட முடியாது என்றும் அதே குர்ஆனில் இருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை. இன்னொன்றும் சொல்லவில்லை. நபியவர்களுக்கே சிஹ்ர் வைக்கப்பட்ட செய்தி ஹதீஸில் வருகிறது. சீப்பும் முடியும் ஒரு கிணற்றுக்குள் கிடந்தது. வைத்தவன் யார் என்றும் தெரிந்தது. நபியவர்கள் ஊரைக் கூட்டவில்லை. மக்களுக்கு நடுவில் தீமையைக் கிளப்ப விரும்பவில்லை, கிணற்றை மூடச் சொல்லிவிட்டார்கள். பெண்களுக்கான பயான் சொற்பொழிவில் நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டது இது.

அதைத்தான் கேட்டேன். “கெணத்த மூடச் சொன்னாங்களே ஹஜ்ரத்து, ஊரக் கூட்டித் தட்டுல வச்சாக் காமிச்சாங்க?”

அவர் என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துச் சொன்னார். “பொம்பளைக்கு இவ்வளவு பேச்சு ஆகாது தம்பி.”

நீ தலையை ஆட்டினாய். அந்த ஆட்டல் எனக்கு மறக்காது. உன்னைப் பெற்ற பிறகு உன் உம்மாவுக்கு ஜன்னி வந்து, நாற்பது நாள் உன்னைக் குளிப்பாட்டினது இந்தக் கைதான்.

வெளியே வந்து நடந்தேன். தெரு முழுக்கக் கதவிடுக்கில் கண் இருந்தது. சாயங்காலத்துக்குள் பெண்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. என் பெயர் இல்லை. “மய்யித்து தொடுற கையை நம்பி வீட்டுக்குள்ள விடாதீங்க” என்று மட்டும் இருந்தது. மறுநாள் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

சிஹ்ர் செய்தவள் என்றால் என்ன அர்த்தம் என்று வெளியே இருக்கிறவர்களுக்குப் புரியாது. பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடினவள் என்று சொல்வது மாதிரி இல்லை. ஈமானை, இறைநம்பிக்கையையே விற்றுவிட்டவள் என்று அர்த்தம். அப்படிப்பட்டவள் தொட்டுக் குளிப்பாட்டிய உடம்பு சுத்தமாகுமா என்று ஒரு சந்தேகம் வந்துவிடும். வந்துவிட்டது. நான் பதினெட்டு வருடத்துக்கு முன்னால் குளிப்பாட்டிய தன் தாயைப் பற்றி ஒருத்தி இப்போது கவலைப்படுகிறாளாம். அடக்கம் பண்ணி, புல் முளைத்து, அந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பேரை வைத்தாகிவிட்டது. இப்போது கவலை.

பிறகு மூன்றாவது தெருவில் ஒரு பெரியம்மா மவுத்தானார்கள். மோதினார் பள்ளிவாசல் ஸ்பீக்கரில் சொன்னார். நான் குளித்தேன், ஒளுச் செய்தேன், பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். போன் பக்கத்திலேயே இருந்தது. சார்ஜ் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். பத்து மணி வாக்கில் ஒரு ஆட்டோ வந்து என் முன்னால் நின்றது. உள்ளே கடையநல்லூர்க்காரி ஒருத்தி, மடியில் என் பை மாதிரியே ஒரு பை. ஆட்டோக்காரன் தலையை நீட்டி, “பாயம்மா, மய்யித்து வீடு எதும்மா?” என்றான்.

கையைக் காட்டினேன். மூணாவது தெரு, பச்சைக் கேட்டு.

மய்யித்தைத் தூக்கும் சந்தூக்குப் போகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே போய்ப் பையை ஆணியில் மாட்டினேன். அன்றைக்குச் சோறு வடித்தேன், சாப்பிடவில்லை. மறுநாள் தண்ணீர் ஊற்றி வைத்ததைக் குடித்தேன். ஒரு ஆளுக்கு வடிக்கிற சோறு எப்படியும் மிஞ்சும்.

ஒரு விஷயம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் செத்தால் யார் வருவார்கள்? கடையநல்லூர்க்காரியைக் கூப்பிடவும் ஒரு ஆள் வேண்டுமே. இந்தத் தெருவில் எத்தனை பேரின் உச்சந்தலையில் மூன்று தடவை தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். என் தலையில் ஊற்ற ஒரு கை இல்லை. சாகப் பயம் இல்லை எனக்கு. கழுவாமல் கிடக்கப் பயம்.

ஆனி பிறந்ததும் சாரல் விழுந்தது. தினமும் டவுன் பஸ்ஸில் குற்றாலம் போய்க் கடையைத் திறந்தேன். அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. மதுரைக்காரன், கோயம்புத்தூர்க்காரன் எல்லாம் எண்ணெய்ப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, அருவியில் தண்ணி நல்லா விழுதா என்று கேட்டுவிட்டுப் போவான். ஒரு நாளில் நான் பேசுவது அவ்வளவுதான். “விழுது. நல்லா விழுது.”

மலையில் இருந்து ஒருத்தி வருவாள். பளியர் இனத்துப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். தேன், குங்கிலியம், நன்னாரி வேர் கொண்டுவருவாள். என் கடை ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் விரித்து உட்காருவாள். நாலு வருடப் பழக்கம்.

“என்ன பாயம்மா, மொகம் இப்படிக் கெடக்கு? எண்ணெ விக்கலியா?”

“ஏட்டி, எங்க ஊர்ல என்னைச் சூனியக்காரிங்காங்க.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நல்ல வேள. எங்கிட்டக் கேக்கறவங்கள இனி உங்கிட்ட அனுப்புதேன். போன வாரம் ஒருத்தன் கார்ல வந்தான். மாமியா வாயக் கட்ட வேர் இருக்கான்னான்.”

“குடுத்தியா?”

“நன்னாரி வேரக் குடுத்தேன். மாமியாளுக்குச் சர்பத்து போட்டுக் குடு, குடிக்கற வரைக்கும் வாய் மூடித்தான் இருக்கும்னேன்.”

பல மாதத்துக்குப் பிறகு நானும் சிரித்தேன். பிறகு முழுவதும் சொன்னேன். அவள் வேரைக் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் நான் கேட்டேன்.

“மேல உங்க ஆளுகட்ட இதெல்லாம் கெடையாதாட்டி?”

“இருக்கு. சாமி கோவிச்சுக்கும். செத்தவுக கோவிச்சுக்குவாக. போகக்கூடாத எடத்துக்குப் போனா மல கோவிச்சுக்கும். காச்சல் வரும், புள்ள தங்காது.”

“மனுசனுக்கு மனுசன் வைக்கது?”

“அது கீழ உள்ளவுக வேல. எங்களுக்கு ஒருத்தனப் புடிக்கலைன்னா, நாலு நாள் வேற பாறப் பக்கம் போயி இருந்துட்டு வருவோம். வைக்கதுக்கு என்ன இருக்கு?”

சீக்கு வந்தால் சாமியாடி வருவானாம். குடியில் இருக்கிற எல்லாரும் கூடுவார்களாம். அவரவர் செய்த தப்பை அவரவர் வாயால் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டுமாம். “யார் வச்சான்னு சாமி கேக்காது பாயம்மா. யார் மறைக்கான்னுதான் கேக்கும். சொல்லிட்டா எறங்கிரும்.”

அவள் சாமியை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். எங்கள் மார்க்கத்தில் சொல்கிற ஜின்னை அவள் நம்பவில்லை. “மல பூரா நடந்திருக்கேன், ஒண்ணக்கூடப் பாத்ததில்ல” என்றாள். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒருத்தி மட்டும் தட்டுக்கு எதிரில் நிற்க வேண்டியதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

கிளம்பும்போது அவள் கேட்டாள். “அந்தத் துணி தலமாட்டுலயா இருந்துச்சு?”

“ஆமா, தலகாணி உறைக்குள்ள.”

“அப்ப பகையாளி இல்ல. செத்தவுக சாமான நாங்க எடுக்க மாட்டோம், எடுத்தா அவுகளால போக முடியாது. எடுத்துத் தலமாட்டுல வைக்கதுன்னா, அது அவுகளப் போக விடாதவன் வேல. புள்ளதான் வச்சிருக்கும்.”

“போட்டி, உளறாத” என்று சத்தம் போட்டேன். உன்னை அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை நான்.

அடுத்த வாரம் நீ வந்தாய். மழை கொஞ்சம் வலுத்திருந்தது. தலையில் துண்டு, கூட யாரும் இல்லை. குளிக்க வந்தவன் மாதிரி ஒரு எண்ணெய்ப் பாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். மலைக்காரி அன்று வரவில்லை. நீ பேசினதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன்.

“மாமி, அத நாந்தான் வச்சேன்.”

“எத?”

“அந்தத் துணிய. உம்மாவ அடக்கிட்டுக் கபுர்லருந்து வந்து கால் கழுவப் போனேன். ஜன்னல்ல இருந்துச்சு. உம்மா துப்பட்டின்னு பாத்ததும் தெரிஞ்சிருச்சு. பன்னீர் மணமும் உம்மா மணமும் சேந்து இருந்துச்சு. எடுத்து எந்தலகாணி உறைக்குள்ள வச்சுக்கிட்டேன்.”

“ஒந்தலகாணியா?”

“என்னுதுதான். பெருநாளைக்கு அவ விரிப்ப மாத்தும்போது தலகாணி மாறிப் போச்சு.”

எனக்கு முதலில் கோபம் வரவில்லை. அதையும் உண்மையாக எழுத வேண்டும். நாற்பது வயது ஆம்பிளை, தன் உம்மாவின் துப்பட்டிக் கிழிசலில் முகத்தை வைத்துத் தூங்கியிருக்கிறான் என்று நினைத்தபோது, உன் தலையைத் துவட்டிவிடலாம் போல இருந்தது. அவளை நினைத்து அழ இந்த ஊரில் இன்னொரு ஆள் இருந்திருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம்.

“சரி. வீட்ல சொல்லிட்டியாலே?”

நீ எண்ணெய்ப் பாக்கெட்டைக் கீழே வைத்தாய். “முடியாது மாமி. மய்யித்துத் துணிய எந்தலைக்கு அடியில வச்சியான்னு கேப்பா. புள்ள போனதே அதனாலதான்னு சொல்லுவா. என்னைய விட்டுட்டுப் போயிருவா. மாமியா ஊரக் கூட்டிருவாக.”

“என்னைச் சொல்லும்போது ஊரு கூடித்தானலே இருந்துச்சு?”

“நீங்க தாங்கிக்கிடுவீங்க மாமி. நீங்க ஒத்தையாள்தான.”

அதுதான் நீ சொன்னது. ஒத்தையாள்தானே. எனக்கு யாரும் இல்லாததால் என் தலையில் கட்டிவிடலாம் என்று நீ கணக்குப் போட்டிருக்கிறாய். உன் மனைவி போனால் உனக்கு வீடு இல்லை. சரி. நான் எங்கலே போக?

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ். மாத்திரை பிடித்துக்கொண்டதும் அந்த முடிச்சை அவிழ்த்து ஓதி எரித்ததும் ஏறக்குறைய ஒரே வாரம். ஊர் எதை நம்பும்? அவள் தூங்கத் தூங்க, நான் சூனியக்காரி என்பது இன்னும் உறுதியாகிறது. அவள் நலமாக இருக்க நானும் துஆ செய்கிறேன். என் நிலைமை இது.

உனக்கு மூன்று ஜும்ஆ தவணை கொடுத்தேன். உன் மனைவியிடம் தனியாக முதலில் சொல், அழுதாலும் சொல், பிறகு ஜமாஅத்தில் சொல் என்றேன். சரி மாமி என்று தலையை ஆட்டினாய், ஹஜ்ரத்திடம் ஆட்டின அதே ஆட்டல். மூன்று வெள்ளிக்கிழமையும் நான் கடையைத் திறக்கவில்லை. சீசன் நேரத்தில் பூட்டிவிட்டு, ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரைக் கேட்டேன். குத்பா உரை கேட்டது. தொலைந்துபோன ஒரு வண்டிச் சாவியைப் பற்றி அறிவிப்புக் கேட்டது. உன் குரல் கேட்கவில்லை. மூன்றாவது வெள்ளி நீ என் வாசலைத் தாண்டி, எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டிப் போனாய்.

ஹஜ்ரத்தை நான் தேடிப் போக மாட்டேன். அவர் முடிச்சைப் பார்த்தார், தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், பஸ் ஏறிப் போய்விட்டார். உன் மாமியாரையும் கேட்கவில்லை, அவள் மகளுக்காகப் பயந்தவள். தெரிந்து செய்தவன் நீ ஒருவன்தான். நானும் நேரே பள்ளிவாசல் படியில் நின்று உன் பெயரைக் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. கிணற்றை மூடச் சொன்னார்கள் என்று அடுத்தவருக்கு எடுத்துச் சொன்னவள், என் முறை வரும்போது ஊரைக் கூட்டினால் அது என்ன மார்க்கம்? உன்னைச் சந்தியில் நிறுத்துவது என் வேலை இல்லை. நீயாக வந்து நிற்க வேண்டும்.

உன் உம்மாவின் வாயை மூடிக் கட்டினது நான். உன் வாயை யார் கட்டினது?

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சலாம் கொடுத்ததும் எழுந்து நில். மைக்கை வாங்கு. உன் மனைவிக்கும் மாமியாருக்கும் வீட்டுக்குள் கேட்கும், ஸ்பீக்கர் உங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. எனக்கும் கேட்கும். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்த ஒரு கேள்விக்கு எல்லார் முன்னாலும் பதில் சொல்: அந்தத் துணியைத் தலையணைக்குள் வைத்தது யார்?